அம்பாசடர் மார்க் 4: சீரான ஓட்டத்தில் மட்டும் விட்டு விட்டு வரும் மிஸ்ஸிங்

ஈரோட்டு மார்க் 4 (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1984-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 4. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், எஸ்.யூ. கார்புரேட்டர், பாயிண்ட் (பொறிக்காகக் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியைப் பிளக்குகளுக்குப் பகிர்வது) என எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. சில மாதங்களாக இதில் ஒரு மிஸ்ஸிங் வருவதும் போவதுமாக இருக்கிறது.

பெருந்துறையைத் தாண்டிக் கோவை சாலையில் டாப் கியரில் 50 அல்லது 60 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலேட்டரில் கால் பட்டும் படாமலும் போய்க்கொண்டிருக்கும்போது, எஞ்சின் திடீரென்று ஓரிரு முறை வெட்டுகிறது. வண்டி முன்னும் பின்னும் உலுக்கி, சில நேரம் சைலன்சரில் ஒரு ‘டப்’ சத்தமும் கேட்டு, அடுத்த நொடியே ஒன்றும் நடக்காததுபோல் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஒரு நாள் கோவை வரை ஒரு முறைகூட வராது. இன்னொரு நாள் ஊர் எல்லையைத் தாண்டியதுமே வந்துவிடும். எஞ்சின் சூடாக இருந்தாலும் காலையில் குளிர்ந்திருந்தாலும் இதில் வேறுபாடு தெரியவில்லை.

ஐட்லிங் சீராக இருக்கிறது. ஸ்டார்ட்டிங் தொல்லை இல்லை. எனக்குப் புரியாத விஷயம் என்னவென்றால், வீட்டாருடன் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறியபோது, வண்டி முழுப் பாரத்துடன் இரண்டாம் கியரிலேயே ஏறிய அந்தச் சாலை முழுவதும் மிஸ்ஸிங் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பிளக், பாயிண்ட், கண்டென்சர், பிளக் ஒயர்கள், பெட்ரோல் ஃபில்ட்டர் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஏசி பம்புக்கும் (டேங்கிலிருந்து பெட்ரோலை இழுப்பது) புது டயாஃப்ரம் மாற்றியாயிற்று. மெக்கானிக் பானெட்டைத் திறந்து வைத்து ரேஸ் கொடுத்துப் பார்த்தால் எஞ்சின் சுத்தமாகச் சீறுகிறது. இனி கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் அவர். எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாம் என்கிறார் இன்னொருவர். பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால், இது பெட்ரோல் கோளாறா கரண்ட் கோளாறா என்பதையாவது உறுதி செய்துகொள்ள வழி இருந்தால் சொல்லுங்கள்.

மதுரை லேண்ட்மாஸ்டர்

பெட்ரோல் பக்கம்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது என் கருத்து. இந்த எஞ்சினில் கார்புரேட்டரும், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் தலைமேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. கொங்கு நாட்டு வெயிலில் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பருக்கு வரும் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்வது புதிதல்ல. அந்தக் காலத்து டாக்சி ஓட்டுநர்கள் ஏசி பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி வைத்திருந்ததும் இதற்காகத்தான்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தத் தொல்லையை இன்னும் கூட்டியிருக்கிறது. 2022-இல் நாடு முழுவதும் 10 விழுக்காட்டை எட்டிய கலப்பு, 2025-இல் 20 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. பழைய ரப்பர் ஹோஸ்கள் அதில் ஊறி உப்பி, உள்பக்கம் செதில் செதிலாக உரிகின்றன. அந்தத் துணுக்குகள் ஃப்ளோட் சேம்பரின் வாயைத் திறந்து மூடும் நீடில் வால்வில் போய் உட்கார்ந்தால் பெட்ரோல் வரத்து குறையும். நீண்ட நாள் நிறுத்தி வைத்த வண்டியென்றால் டேங்கின் அடியில் தண்ணீரும் துருவும் சேர்ந்திருக்கும். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் இதே கதைதான். மிஸ்ஸிங் வரும்போது வண்டியை ஓரங்கட்டி மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் காரணம் அதுதான்.

சேலம் பட்டறை

மதுரை நண்பர் சொன்னவை எல்லாம் உண்மையான கோளாறுகள்தான். ஆனால் கேள்வி கேட்டவர் தமக்கே தெரியாமல் ஒரு நல்ல சாட்சியத்தைக் கொடுத்திருக்கிறார். அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

எஞ்சின் அதிகப் பெட்ரோல் கேட்பது முழுப் பாரத்துடன் மலையேறும்போதுதான். வரத்து குறைந்திருந்தால், அது பம்பால் ஆனாலும் ஃபில்ட்டரால் ஆனாலும் ஆவியடைப்பால் ஆனாலும், குன்னூர் சாலைதான் அதை முதலில் காட்டிக் கொடுத்திருக்கும். அங்கே இழுவை குறையாமல் ஏறிய வண்டி, பெட்ரோல் மிகக் குறைவாகச் செலவாகும் சமதளத்தில் வெட்டுகிறது என்றால், வரத்துக் கோளாறு என்ற வாதம் நிற்காது. வெட்டும் தன்மையும் அதையே சொல்கிறது. பெட்ரோல் குறையும் எஞ்சின் மெல்ல மெல்ல இழுவை இழந்து, தயங்கி, பின்பு அடங்கும். மீண்டு வருவதும் மெதுவாகத்தான் இருக்கும். சுவிட்சை அணைத்துப் போட்டதுபோல் சட்டென்று வெட்டிச் சட்டென்று மீள்வது கரண்டின் குணம். சைலன்சரில் வரும் ‘டப்’ சத்தமும், சிலிண்டரில் எரியாமல் வெளியேறிய கலவை சூடான குழாயில் போய் எரிவதால் வருவது.

சரி, கரண்ட் கோளாறு என்றே வைத்துக்கொள்வோம். அது ஏன் மலையில் வரவில்லை? சாதாரணமாக, பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலோ பிளக் ஒயரோ பலவீனமாக இருந்தால், சிலிண்டரில் அழுத்தம் அதிகமாகும் முழு ஆக்ஸிலேட்டரில்தான் பொறி தடுமாறும். காயில் சூட்டில் கெடும் வகையாக இருந்தால் வண்டி ஒரேயடியாக நின்று, ஆறிய பிறகே கிளம்பும். இரண்டும் இங்கே பொருந்தவில்லை. அப்படியானால் லேசான ஆக்ஸிலேட்டரில் மட்டும் நடந்து, முழு ஆக்ஸிலேட்டரிலும் ஐட்லிங்கிலும் நடக்காத ஏதோ ஒன்று கரண்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி இந்த வண்டியில் இருப்பது வேக்குவம் அட்வான்ஸ் ஒன்றுதான்.

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உருண்டையாக ஒரு டப்பாவும், அதிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய குழாயும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லேசான ஆக்ஸிலேட்டரில் சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு; அது எரிய நேரம் பிடிக்கும் என்பதால் பொறி சற்று முன்னதாகவே விழ வேண்டும். அந்த நிலையில் கார்புரேட்டரில் உண்டாகும் உறிஞ்சல், டப்பாவில் இருக்கும் டயாஃப்ரத்தை இழுக்கிறது. டயாஃப்ரம், பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டையே சில டிகிரி திருப்புகிறது. ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால் உறிஞ்சல் விழுந்து தட்டு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஐட்லிங்கில் உறிஞ்சும் துளை, ஆக்ஸிலேட்டரால் திறக்கும் திராட்டில் தகட்டுக்கு மறுபக்கம் நிற்பதால் அப்போதும் தட்டு அசையாது. ஆகவே, தட்டு நன்றாகத் திரும்பி நிற்கும் நேரமும் உங்கள் மிஸ்ஸிங் வரும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன.

அந்தத் தட்டோடு சேர்ந்து இரண்டு சிறிய ஒயர்கள் ஆடுகின்றன. ஒன்று, காயிலிலிருந்து வரும் கரண்டை பாயிண்டுக்குக் கொண்டு செல்வது. மற்றொன்று, தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு இணைக்கும் எர்த் ஒயர். பாயிண்டும் கண்டென்சரும் மாற்றும்போது இந்த இரண்டையும் யாரும் தொடுவதில்லை. பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும் என்பதால் தொட வேண்டும் என்று தோன்றுவதுமில்லை. நாற்பது ஆண்டுகளாக முன்னும் பின்னும் மடங்கிய செப்பு இழைகள், மேலுறை கிழியாமலே உள்ளே அறுந்துபோகும். எர்த் ஒயர் அறுந்தாலும் எஞ்சின் நின்றுவிடாது. தட்டு உரசும் இடங்கள் வழியாக எப்படியோ எர்த் கிடைத்துக்கொண்டே இருக்கும். கிரீஸும் தூசியும் படிந்த அந்த இடத்தில் தொடர்பு விட்டுப்போகும் கணத்தில் பொறி விழாது. எஞ்சின் 2400 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 80 பொறிகள் விழ வேண்டும் என்பதால், கால் நொடி தொடர்பு விட்டாலே இருபது பொறிகள் போய்விடும். வண்டி உலுக்குவதற்கு அது தாராளம்.

மெக்கானிக் ரேஸ் கொடுத்தபோது தெரியாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பட்டறையில் நாங்கள் எல்லோரும் ஆக்ஸிலேட்டர் லிங்கைச் சட்டென்று சுண்டிவிட்டுத்தான் ரேஸ் பார்ப்போம். திராட்டில் அகலத் திறக்கும் அந்த நொடியில் உறிஞ்சல் விழுந்துவிடுகிறது. தட்டு நகர்வதே இல்லை.

சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, கார்புரேட்டரில் உள்ள துளையைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு, மிஸ்ஸிங் வழக்கமாக வரும் சாலையில் ஓட்டிப் பாருங்கள். வண்டி கொஞ்சம் மந்தமாக இருக்கும், பெட்ரோலும் சற்றுக் கூடும். எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. மிஸ்ஸிங் மறைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கிளிக் சத்தம்

சேலம் ஐயாவின் வாதம் எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனாலும் அந்தச் சோதனையில் ஒரு கண்ணி இருக்கிறது. வேக்குவம் டப்பாவின் டயாஃப்ரம் கிழிந்திருந்தால், லேசான ஆக்ஸிலேட்டரில் அதன் வழியாகக் கூடுதல் காற்று உள்ளே போய்க் கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்து அதை வறளச் செய்யும். துளையை அடைத்தால் அந்தத் தொல்லையும் மறையும். ஆகவே மிஸ்ஸிங் நின்றது என்பதற்காக ஒயரை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. குழாயில் சுத்தமான ஒரு டியூபைச் செருகி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பாருங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றால் டயாஃப்ரம் நலம். பிடி மெல்லத் தளர்ந்தால் ஓட்டை.

கலவை வறட்சி என்ற சந்தேகத்தை நான் முழுதாகக் கைவிடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தனிப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய பெட்ரோலுக்கு அளவு வைத்த நீடிலும் ஜெட்டும் 20 விழுக்காடு எத்தனால் கலந்ததை அதே அளவில்தான் ஊற்றும். எஞ்சினுக்கு அது வறண்ட கலவை. வறட்சி முதலில் உறுத்துவது லேசான ஆக்ஸிலேட்டரில்தான் என்பதால், மலையில் வராமல் சமதளத்தில் வருவது அதற்கும் ஓரளவு பொருந்தும். மிஸ்ஸிங் வரும்போது, கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தீர்களா? பிளக்கின் நிறம் என்ன?

கார்புரேட்டரை மாற்றச் சொல்பவரிடம், அதற்கு முன் கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைத் தூக்கி விட்டுப் பார்த்தாரா என்று கேளுங்கள். ஏர் கிளீனரைக் கழற்றி, பிஸ்டனின் வேகத்தைத் தணிக்கும் டேம்பரையும் எடுத்துவிட்டு, விரலால் பிஸ்டனை மேலே தூக்கி விட்டால் அது தடையின்றி இறங்கி, அடியில் உள்ள ‘பிரிட்ஜ்’ என்ற மேட்டில் ‘கிளிக்’ என்று உட்கார வேண்டும். பாதியில் நின்றாலும் சத்தமில்லாமல் இறங்கினாலும் பிஸ்டனோ நீடிலோ உரசுகிறது என்று பொருள். டேம்பரில் எண்ணெய் இல்லையென்றால் ஆக்ஸிலேட்டரை மிதித்த உடனே ஒரு தயக்கம் வரும். கலவை கணநேரம் வறண்டுபோவதால் ஏற்படுவது அது. பிஸ்டன் தண்டின் மேல்விளிம்புக்கு மேல் அரை அங்குலம் எண்ணெய் நிற்கட்டும்.

ஈரோட்டு மார்க் 4

இருவருக்கும் நன்றி. முதலில் கேட்டவற்றுக்குப் பதில். சோக்கை இழுத்துப் பார்த்ததில் மாற்றம் ஏதும் இல்லை. நான்கு பிளக்குகளும் இளம் பழுப்பு நிறத்தில், ஒன்றுபோல் இருக்கின்றன. பிஸ்டன் ‘கிளிக்’ என்று இறங்குகிறது, டேம்பரில் எண்ணெயும் இருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்தபோது காற்று இழுக்கவில்லை.

அதன்பின் சேலம் ஐயா சொன்னபடி வேக்குவம் துளையை அடைத்துவிட்டு, அதே சாலையில் அதே வேகத்தில் போய் வந்தேன். வண்டி மந்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வெட்டுகூட இல்லை. அடைப்பை எடுத்துக் குழாயை மாட்டிய மறுநாளே மிஸ்ஸிங் திரும்பிவிட்டது. வாயால் உறிஞ்சிப் பார்த்ததில் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றது. இனி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எதை, எப்படிப் பார்க்க வேண்டும்?

சேலம் பட்டறை

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் அதனடியில் சுழலும் ரோட்டரையும் எடுத்துவிடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்படி எஞ்சினைக் கையால் திருப்பி வைத்து, இக்னிஷனை ஆன் செய்யுங்கள். மல்டிமீட்டரைக் குறைந்த டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பாயிண்ட் தட்டின் உலோகத்திலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் பிடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. பிடித்தபடியே, உதவிக்கு ஒருவரை வேக்குவம் குழாயை உறிஞ்சி விடச் சொல்லுங்கள். தட்டு திரும்பும்போது எண் குதித்தால் எர்த் ஒயர் போய்விட்டது. குதிக்கவில்லையென்றால், காயிலிலிருந்து வரும் ஒயரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து இதையே செய்யுங்கள். இக்னிஷனை நெடுநேரம் ஆனில் விட வேண்டாம். பாயிண்ட் மூடிய நிலையில் காயில் வீணாகச் சூடேறும்.

ஈரோட்டு மார்க் 4

கண்டுபிடித்தாயிற்று. தட்டு அசையாமல் இருக்கும்போது மீட்டர் ஒழுங்காகவே காட்டியது. என் மகன் குழாயை உறிஞ்சியதும் எண்கள் தாறுமாறாக ஓடத் தொடங்கின. எர்த் ஒயர் வெளிப்பார்வைக்கு முழுதாக, உறை சற்றும் கிழியாமல் இருந்தது. சாமணத்தால் பிடித்து லேசாக இழுத்தபோது நடுவில் ரப்பர்போல் நீண்டு கொடுத்தது. உறையைக் கீறிப் பார்த்தால், திருகு முனைக்குச் சற்றுத் தள்ளி இழைகள் எல்லாமே அறுந்து, பச்சைப் பொடியாகக் கொட்டின.

இந்த ஒயர் எங்கள் ஊர்க் கடைகளில் தனியாகக் கிடைக்கவில்லை. சாதாரண ஒயரிங் துண்டு ஒன்றை வெட்டிப் போட்டுவிடலாம் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

சேலம் பட்டறை

போட வேண்டாம். வண்டி ஒயரிங்கில் இருக்கும் தடித்த இழைகள் ஒரே இடத்தில் ஆடி ஆடிச் சில மாதங்களிலேயே முறிந்துவிடும். அதன் விறைப்பு தட்டைத் திரும்பவிடாமல் தடுக்கவும் செய்யும். மல்டிமீட்டர் புரோபுகளில் வரும் சிலிகான் உறை போட்ட ஒயரை வெட்டிக்கொள்ளுங்கள். அதன் இழைகள் தலைமுடிபோல் மெல்லியவை, எத்தனை முறை மடங்கினாலும் தாங்கும். முனைகளில் ஈயம் வைப்பதானால் மிகக் குறைவாக வையுங்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறினால் ஏறிய இடம் வரை கம்பிபோல் விறைத்து, அது முடியும் இடத்தில் ஒடியும். தட்டு முழுதாகத் திரும்பினாலும் இழுபடாத அளவுக்குத் தொய்வு இருக்க வேண்டும். அந்தத் தொய்வு ரோட்டரின் கீழோ பாயிண்டைத் திறக்கும் கேமின் மேலோ உரசாதபடி சுவரோரமாக மடித்து விடுங்கள். கை போட்டதே போட்டீர்கள், காயில் ஒயரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அதற்கும் இதே வயதுதான்.

பத்மினிக்காரர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது பிரீமியர் பத்மினி. அரை மணி நேரம் ஓடியபின் மிஸ்ஸிங் தொடங்கி, அடுத்த சில நிமிடங்களில் வண்டி நின்றேவிடுகிறது. ஆறவிட்டால் மீண்டும் கிளம்புகிறது. எனக்கும் இதே எர்த் ஒயர்தானா?

சேலம் பட்டறை

உங்களுடையது வேறு. சூடானால் நிற்பது, ஆறினால் கிளம்புவது என்றால் காயில், கண்டென்சர், ஆவியடைப்பு மூன்றில் ஒன்றாக இருக்கும். நின்றவுடனே காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை எர்த்தின் அருகே காப்புள்ள இடுக்கியால் பிடித்து, ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பொறி வருகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. பொறி நன்றாக வந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். வராவிட்டால், காயிலின் இரு சிறு முனைகளுக்கிடையே ஓம் அளவைப் பாருங்கள். ஏறத்தாழ 3 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 1.5 ஓம் காட்டினால், கரண்டைக் கட்டுப்படுத்தும் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு வேலை செய்ய வேண்டிய காயிலை யாரோ நேரடியாக மாட்டியிருக்கிறார்கள். இரு மடங்கு கரண்ட் ஓடி அது சூட்டில் மடிகிறது. காயில் சரியாக இருந்தால் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். இப்போது சந்தையில் வரும் பெயரில்லாத கண்டென்சர்களை விட, பழைய வண்டியிலிருந்து கழற்றிய நல்ல கண்டென்சரையே நான் நம்புவேன்.

மதுரை லேண்ட்மாஸ்டர்

ஈரோட்டு நண்பர் எலக்ட்ரானிக் இக்னிஷனே போட்டிருந்தால் இந்தத் தலைவலி அப்போதே தீர்ந்திருக்காதா? பாயிண்டே இல்லையென்றால் இந்த ஒயருக்கும் வேலை இல்லையே.

கிளிக் சத்தம்

தீர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. பாயிண்டுக்குப் பதிலாக டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உட்காரும் மாட்யூல்கள் பலவும் அதே தட்டின் மேல்தான் திருகப்படுகின்றன. எர்த்தையும் அதே ஒயர் வழியாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. அறுந்த எர்த் ஒயரை அப்படியே விட்டுவிட்டு மாட்யூலைப் போட்டிருந்தால், இதே மிஸ்ஸிங் இதே வேகத்தில் வந்திருக்கும். பழி மட்டும் மாட்யூலின் தலையில் விழுந்திருக்கும்.

ஈரோட்டு மார்க் 4

இரண்டு ஒயர்களையும் மாற்றி, வேக்குவம் குழாயையும் பழையபடி மாட்டிவிட்டேன். இப்போது மீட்டர் 0.1 வோல்ட்டைத் தாண்டவில்லை. தட்டைத் திருப்பினாலும் எண் அசையவில்லை. கோவை வரை போய் வந்ததில் வெட்டு இல்லை, டாப் கியரில் போய்விட்டிருந்த மென்மையும் திரும்பியிருக்கிறது. தட்டைக் கழற்றி மாட்டியதால் டைமிங்கை (பொறி விழும் நேரத்தை) மீண்டும் பார்க்க வேண்டுமா என்பது மட்டும் தெரிய வேண்டும்.

சேலம் பட்டறை

பார்க்க வேண்டும். முதலில் பாயிண்ட் இடைவெளியை 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் டைமிங்கை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். மதுரை நண்பர் சொன்ன ரப்பர் ஹோஸ்களையும் சும்மா விட்டுவிடாதீர்கள். இந்த மிஸ்ஸிங்குக்கு அவை காரணமில்லை என்றாலும், எத்தனால் தாங்கும் ஹோஸ்களை வாங்கி டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மாற்றிவிடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் பெட்ரோல் கசிந்தால் மிஸ்ஸிங்கோடு போகாது.